கணிப்பொறியின் உள்ளே எட்டிப் பார்த்த கதை

மரக்காணத்து உப்பளங்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகச் சென்னைக்குச் செல்பவர்கள், மரக்காணத்தை நெருங்கும்போது வரப்பு கட்டிய பாத்திகளையும், வெண்மையாகக் குவித்து வைத்த உப்பையும் காண்பார்கள். பாத்திகளில் நீர் சும்மா நிற்பது போலத்தான் தோன்றும். ஆனால் ஒவ்வொரு பாத்தியிலும் நீர் வெவ்வேறு நிலையில் இருக்கிறது.

கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 3 டிகிரி. வெயிலில் சுண்டச் சுண்ட இது உயரும். 25 டிகிரியை எட்டும்போது உப்பு படியத் தொடங்கும். 29 டிகிரியைத் தாண்டவிட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அதற்குமுன் எஞ்சிய நீரை வடித்துவிட வேண்டும். பிரான்சு நாட்டு வேதியியலாளர் ஆந்துவான் போமே 1768-இல் வகுத்த அளவுமுறை இது.

ஆகவே, உப்பளத்தில் இரண்டு வேலைகள் உள்ளன. ஒன்று, நீரின் டிகிரியைப் பார்ப்பது. மற்றொன்று, அதற்கேற்ப மடையைத் திறப்பது அல்லது அடைப்பது. பார்ப்பதால் எந்தக் கேடும் இல்லை. மடையைத் தவறாகத் திறந்தாலோ பல நாள் உழைப்பு பாழாகும். பார்க்காமல் திறப்பவன் அதைவிடப் பெரிய தவறு செய்கிறான்.

இந்த இரண்டு வேலைகளும் கணிப்பொறிக்கும் பொருந்தும். அதன் உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பது எப்படி? பார்த்தபின், ஓடிக்கொண்டிருக்கும் பொறியை நிறுத்தாமல் திருத்துவது எப்படி? இவற்றுக்கு விடை காண அறிஞர்களுக்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

கருநிரலின் கணக்கேடு

கணிப்பொறியில் ஒரே நேரத்தில் பல நிரல்கள் ஓடுகின்றன. யாருக்கு எவ்வளவு நினைவகம், யார் எந்தக் கோப்பைத் திறந்திருக்கிறார், அடுத்து யாருடைய முறை என்பவற்றையெல்லாம் ஒரு தலைமை நிரல் கவனிக்கிறது. ஆங்கிலத்தில் இதைக் ‘கெர்னல்’ என்பர். கொட்டைக்குள் இருக்கும் பருப்பு என்பது அச்சொல்லின் பொருள். தமிழில் இதனைக் கருநிரல் என்று அழைக்கிறோம்.

கருநிரல் தன் வேலைக்காக நினைவகத்தில் பல அட்டவணைகளை வைத்திருக்கிறது. ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அதில் ஒரு வரி உண்டு: அதன் எண், அதைத் தொடங்கிய தாய் நிரலின் எண், அது ஓடுகிறதா அல்லது எதற்கேனும் காத்திருக்கிறதா என்பன போன்ற விவரங்கள். இவற்றையே தரவு அமைப்புகள் என்கிறோம். உப்பளத்துக் கணக்கேடு போன்றவை இவை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. இந்தக் கணக்கேடு நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திருத்தி எழுதப்படுகிறது.

சாவித் துவாரம்

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் 1969-இல் கென் தாம்சன், டென்னிஸ் ரிட்சி ஆகியோர் யூனிக்ஸ் என்னும் இயக்க அமைப்பை உருவாக்கத் தொடங்கினர். 1973-ஆம் ஆண்டுக் கையேட்டிலேயே ‘பி.எஸ்.’ என்ற கட்டளை இடம்பெற்றுவிட்டது. இந்த இரண்டு எழுத்துகளைத் தட்டினால், ஓடும் நிரல்களின் பட்டியல் திரையில் வரும்.

அக்காலத்தில் அந்தக் கட்டளை எப்படி வேலை செய்தது தெரியுமா? கருநிரல் எதையும் வெளியே எடுத்துச் சொல்லவில்லை. பி.எஸ். கட்டளைதான் திருட்டுத்தனமாக எட்டிப் பார்த்தது. முதலில், வட்டில் இருக்கும் கருநிரல் கோப்பைத் திறந்து, அட்டவணை நினைவகத்தில் எந்த முகவரியில் உள்ளது என்று தெரிந்துகொள்ளும். பிறகு, நினைவகம் முழுவதையும் ஒரு கோப்பைப் போலக் காட்டும் சிறப்பு வாயிலைத் திறந்து, அந்த முகவரிக்குச் சென்று, அங்குள்ள எண்களைப் படித்து வரும். கருநிரலின் நினைவகத்தைக் காட்டிய வாயிலுக்கு ‘கேமெம்’ என்று பெயர்.

இதில் மூன்று இடர்கள் இருந்தன. கருநிரலை மாற்றி அமைத்துவிட்டுப் பி.எஸ். கட்டளையை மாற்ற மறந்தால், அது வேறு எதையோ படித்துவிட்டு உளறும். படித்துக்கொண்டிருக்கும்போதே அட்டவணை மாறினால், பாதி பழையதும் பாதி புதியதுமான விவரம் கிடைக்கும். மூன்றாவது இடர் இவற்றினும் பெரிது. கருநிரலின் நினைவகத்தைப் பார்க்க முடிந்தவருக்கு, மற்றவர்கள் தட்டச்சு செய்யும் இரகசியச் சொற்களும் கண்ணில் படக்கூடும். ஆகவே அந்த வாயிலைச் சிலருக்கு மட்டுமே திறந்தனர்.

அதே வாயில் வழியாக எழுதவும் இயலும். தேர்ந்தவர்கள் ‘ஏ.டி.பி.’ என்னும் பிழைநீக்கியைக் கொண்டு, ஓடும் கருநிரலின் ஓர் எண்ணை மாற்றியதுண்டு. முகவரி சற்றே தவறினாலும் பொறி முழுவதும் நின்றுபோகும்.

ஒளிநகலாகப் பரவிய நூல்

இப்படி ஓடும் பொறியைப் பார்ப்பது ஒரு வகை. அதன் வரைபடத்தை, அதாவது மூல நிரலைப் படிப்பது மற்றொரு வகை. அட்டவணையில் எந்த இடத்தில் எது இருக்கிறது என்று அறிய மூல நிரல் வேண்டுமல்லவா?

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் ஜான் லயன்ஸ், யூனிக்ஸின் ஆறாம் பதிப்பை வரிவரியாக விளக்கி 1977-இல் ஓர் உரை எழுதினார். மொத்தம் 10,000 வரிகளுக்கும் குறைவான நிரல் அது. ஓடும் நிரல்களின் அட்டவணையில் 50 இடங்களே இருந்தன என்பதை ஒரு மாணவன் தானே படித்து அறிந்துகொள்ள முடிந்தது. ஆனால் 1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, அதன் மூல நிரலை வகுப்பறையில் பாடமாக நடத்துவதை உரிம விதிகள் தடுத்தன. லயன்ஸின் உரையும் வெளிப்படையாகக் கிடைக்காமல் போயிற்று. மாணவர்கள் அதனை ஒளிநகல் எடுத்து, நகலுக்கும் நகல் எடுத்துப் படித்தனர். 1996-இல்தான் அது முறையான நூலாக அச்சேறியது.

தடை ஒரு நன்மையும் செய்தது. பாடம் நடத்த நிரல் இல்லையே என்று, ஆம்ஸ்டர்டாமில் ஆசிரியராக இருந்த ஆண்ட்ரூ டானன்பாம் 1987-இல் மினிக்ஸ் என்னும் சிறிய அமைப்பைத் தாமே எழுதினார். அதைப் பயன்படுத்திய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸ் கருநிரலை எழுதி வெளியிட்டார். அடுத்த ஆண்டே குனு பொது உரிமத்தின்கீழ் அது வந்தது. அதனை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம்.

கைவிட்டுப்போன பாத்திகள்

இதற்கிடையே, 1983-இல் யூனிக்ஸ் சிஸ்டம் ஐந்து வெளிவந்தது. நிரல்கள் தமக்குள் பேசிக்கொள்ள மூன்று வசதிகளை அது தந்தது: செய்தி வரிசை, பொது நினைவகம், செமாஃபோர். செமாஃபோர் என்றால் இரயில் பாதைகளில் நின்ற கைகாட்டி. ஒரு நிரல் உள்ளே இருக்கும்போது மற்றது காத்திருக்க வேண்டும் என்று அறிவிப்பதால் அப்பெயர் வந்தது.

இந்த வசதிகளில் ஒரு சிக்கல் இருந்தது. இவற்றை உண்டாக்கிய நிரல் நின்றுபோன பிறகும், இவை கருநிரலின் அட்டவணையில் அப்படியே தங்கிவிடும். பாத்தி கட்டியவர் ஊரைவிட்டுப் போனபின்னும், பாத்தி நிலத்தை அடைத்துக்கொண்டிருப்பது போல. அட்டவணை நிரம்பிவிட்டால், புதிய நிரலுக்கு இடம் கிடைக்காது.

இதற்காகவே இரண்டு கட்டளைகள் வந்தன. ‘ஐ.பி.சி.எஸ்.’ என்று தட்டினால் தங்கியிருப்பவற்றின் பட்டியலும், அவற்றின் உரிமையாளர் யார் என்பதும் தெரியும். ‘ஐ.பி.சி.ஆர்.எம்.’ என்று தட்டி எண்ணைக் கொடுத்தால், அது நீக்கப்படும். பார்ப்பதற்கு ஒன்று, கை வைப்பதற்கு ஒன்று என்று இரண்டு கட்டளைகளாகப் பிரித்திருப்பதைக் கவனியுங்கள். பொது நினைவகத்தை நீக்கச் சொன்னாலும், அதைப் பயன்படுத்தும் கடைசி நிரல் விலகும் வரை கருநிரல் அதை அழிப்பதில்லை. ஆனால் செய்தி வரிசை உடனே போய்விடும். அதற்காகக் காத்திருந்த நிரல் பிழைச் செய்தியோடு திரும்பும். எனவே முதல் கட்டளையை இடாமல் இரண்டாவதை இடலாகாது. இரண்டு கட்டளைகளும் இன்றும் லினக்ஸில் உள்ளன.

பூஜ்ய அளவுள்ள கோப்பு

1984 ஜூனில், அமெரிக்காவின் சால்ட் லேக் சிட்டியில் ஒரு மாநாடு நடந்தது. பெயரைப் பாருங்கள், உப்பு ஏரி நகரம்! அங்கே பெல் ஆய்வகத்தின் டாம் கில்லியன் ஒரு கட்டுரை அளித்தார். ஓடும் நிரல்களையே கோப்புகளாகக் காட்டலாம் என்பது அதன் கருத்து. ‘ப்ராக்’ என்று ஒரு கோப்புறை. அதனுள் ஓடும் ஒவ்வொரு நிரலுக்கும் அதன் எண்ணே பெயராக ஒரு கோப்பு. யூனிக்ஸின் எட்டாம் பதிப்பில் இது இடம்பெற்றது. பின்னர் அதே ஆய்வகத்தின் ‘பிளான் 9’ அமைப்பில், ஒவ்வொரு நிரலுக்கும் ஒரு கோப்புறையும், அதனுள் எழுத்தில் படிக்கத்தக்க கோப்புகளும் வந்தன. லினக்ஸ் 1992-இல் தனக்கும் ஒரு ‘ப்ராக்’ அமைத்துக்கொண்டது.

இதன் சிறப்பு என்ன? முன்பு கட்டளை எட்டிப் பார்த்தது. இப்போது கருநிரலே தன் கணக்கை எடுத்துச் சொல்கிறது. முகவரி தேட வேண்டியதில்லை. இரகசியச் சொற்கள் இருக்கும் இடத்தைத் திறந்துவிட வேண்டியதும் இல்லை.

லினக்ஸ் உள்ள பொறியில் இதை நீங்களே சோதிக்கலாம். ப்ராக் கோப்புறைக்குள் ‘மெம்இன்ஃபோ’ என்றொரு கோப்பு உண்டு. கோப்புப் பட்டியலில் அதன் அளவு பூஜ்யம் என்று காட்டும். ஆனால் ‘கேட்’ கட்டளையால் அதைப் படித்தால், மொத்த நினைவகம் எவ்வளவு, காலியாக உள்ளது எவ்வளவு என்று பல வரிகள் வந்து விழும். மீண்டும் படித்தால் எண்கள் சற்றே மாறியிருக்கும். அந்தக் கோப்பு வட்டில் எங்கும் இல்லை. நீங்கள் கேட்ட அந்தக் கணத்தில், தன் கணக்கைப் பார்த்துக் கருநிரல் எழுதித் தருகிறது. கடல்நீரில் கண்ணுக்குத் தெரியாத உப்பு பாத்தியில் இறக்கியதும் வெளிப்படுவது போன்றதே இதுவும்.

மடையைத் திறப்பவர் யார்?

ப்ராக் கோப்புறைக்குள் ‘சிஸ்’ என்று ஓர் உட்கோப்புறை உண்டு. அங்குள்ள கோப்புகள் பலவற்றில் எழுதவும் செய்யலாம். ‘ஐ.பி. ஃபார்வர்ட்’ என்ற கோப்பில் பூஜ்யம் இருந்தால், தனக்கு வரும் செய்திகளை மட்டும் பொறி ஏற்கும். அதில் 1 என்று எழுதினால், பிறருக்கான செய்திகளையும் ஒரு வலையிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தத் தொடங்கும். பொறியை நிறுத்த வேண்டாம். மாற்றம் உடனே நிகழும். பொறியை அணைத்து மீண்டும் இயக்கினால் பழைய நிலை திரும்பிவிடும். நிலைத்திருக்க வேண்டுமானால், அமைப்புக் கோப்பில் எழுதி வைக்க வேண்டும்.

ஆனால் எழுதும் அதிகாரம் நிர்வாகிக்கு மட்டுமே. பார்க்கலாம் எல்லோரும், மடையைத் திறப்பவர் ஒருவர். பார்ப்பதிலும் பிற்காலத்தில் வரம்பு தேவைப்பட்டது. பலர் பகிரும் பொறியில், ஒருவர் எந்த நிரலை ஓட்டுகிறார் என்பதை மற்றவர் பார்ப்பது சரியா? இதற்காக, அடுத்தவர் நிரல்களை மறைக்கும் வசதி 2012-இல் லினக்ஸில் சேர்ந்தது. பழைய கேமெம் வாயிலை 2021-இல் லினக்ஸ் அடியோடு நீக்கிவிட்டது. நல்ல வாயில் வந்தபின் சாவித் துவாரத்துக்குத் தேவை இல்லாமல் போயிற்று.

நம் கையில் இருப்பது

இதெல்லாம் எங்கோ நடந்த கதை என்று எண்ணிவிடாதீர்கள். சென்னையிலுள்ள சி-டாக் நிறுவனம், லினக்ஸ் கருநிரலை அடிப்படையாகக் கொண்ட ‘பாஸ்’ இயக்க அமைப்பை 2007-இல் வெளியிட்டது. தமிழ்நாடு அரசு 2011-இல் தொடங்கிய திட்டத்தின்கீழ் மாணவர்களுக்கு விலையின்றி வழங்கிய மடிக்கணினிகள் பலவற்றில், விண்டோஸுடன் பாஸும் இருந்தது. பொறியை இயக்கும்போது இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருகாலத்தில் ஒளிநகல் எடுத்து ஒளித்துப் படித்த விஷயம், அரசுப் பள்ளி மாணவனின் பையிலேயே வந்து சேர்ந்தது. அப்பொறிகளைப் பெற்றவர்களில் எத்தனை பேர் அதன் கருப்புத் திரையைத் திறந்து, ‘பி.எஸ்.’ என்று தட்டிப் பார்த்தார்கள்?

உங்கள் வீட்டிலோ பள்ளியிலோ லினக்ஸ் உள்ள பொறி ஒன்று இருந்தால், இன்றே தட்டிப் பாருங்கள். மெதுவாக ஓடும் பொறியைக் கண்டு ‘பழுதாகிவிட்டது’ என்று முடிவு கட்டுமுன், எந்த நிரல் நினைவகத்தைத் தின்கிறது என்று மெம்இன்ஃபோவையும் பி.எஸ். பட்டியலையும் கேளுங்கள். படிப்பதால் எதுவும் கெடாது. எழுத வேண்டிய இடம் வரும்போது மட்டும், முதலில் பழைய எண்ணைக் குறித்து வைத்துக்கொண்டு, ஒன்றை மாற்றி, விளைவைப் பார்த்து, பிறகு அடுத்ததைத் தொடுங்கள்.

தன் பாத்தியின் டிகிரியைத் தானே பார்க்கத் தெரிந்த உப்பளத் தொழிலாளி, மடையை எப்போது திறப்பது என்று பிறரைக் கேட்க வேண்டியதில்லை. கணிப்பொறியைப் பயன்படுத்தும் நமக்கும் அதுவே பொருந்தும்.