நேப்பியர் பாலம்

நேப்பியர் பாலம், சென்னையில் கூவம் ஆறு கடலில் கலக்கும் இடத்தருகே காமராசர் சாலையில் உள்ள கான்கிரீட் வளைவுப் பாலம். புனித ஜார்ஜ் கோட்டைப் பகுதியை மெரினா கடற்கரையோடு இணைக்கிறது. வடகரையில் போர் நினைவுச் சின்னமும் தீவுத்திடலும், தென்கரையில் அண்ணா நினைவிடமும் சென்னைப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. திருவள்ளூர் மாவட்டத்தின் வழியே ஓடிவரும் கூவத்தின் மீது, கடலுக்கு முன் அமைந்த கடைசிச் சாலைப் பாலம் இதுவே.

வரலாறு

1869-இல் இங்கு முதலில் கட்டப்பட்டது இரும்புப் பாலம். 1866 முதல் 1872 வரை சென்னை மாகாண ஆளுநராக இருந்த பிரான்சிஸ் நேப்பியரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. 1872-இல் வைசிராய் மேயோ பிரபு கொல்லப்பட்டபோது, சில மாதங்கள் தற்காலிக வைசிராயாகவும் பணியாற்றியவர் இவர். இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943-இல், இரும்புப் பாலத்தின் இடத்தைக் கான்கிரீட் வளைவுப் பாலம் பிடித்தது. போக்குவரத்து பெருகியதால் 1999-இல் அதே தோற்றத்தில் இணைப் பாலம் ஒன்று பக்கத்தில் எழுப்பப்பட்டது.

வடிவமைப்பு

பாலம் ஆறு கண்களைக் கொண்டது. ஒவ்வொரு கண்ணிலும் வளைவுகள் சாலைக்கு மேலே எழுகின்றன. பொறியியலில் இது 'வில்நாண்' வகை எனப்படும். வாகனங்களின் எடை தொங்குத் தண்டுகள் வழியாக வளைவுக்கு ஏறி, அங்கிருந்து தூண்களுக்கு இறங்குகிறது. எடை ஏறும்போது வளைவின் இரு முனைகளும் வெளிப்புறமாக விலகப் பார்க்கும். சாதாரண வளைவுப் பாலத்தில் இந்தத் தள்ளுவிசையைக் கரையே தாங்க வேண்டும்; இவ்வகையிலோ சாலை மட்டத்தில் ஓடும் இழுவை உறுப்பு, வில்லின் நாணைப் போல முனைகளை இழுத்துப் பிடிக்கிறது. எனவே தூண்களுக்குச் செங்குத்துச் சுமையே பெரிதும் வந்து சேரும். முகத்துவாரத்து மணற்பாங்கான நிலத்துக்கு இது ஏற்ற முறை. வளைவு மேலே இருப்பதால், சாலையை அதிகம் உயர்த்தாமலே கீழே நீர்வழி கிடைக்கிறது.

அமுக்கத்தைத் தாங்குவதில் கான்கிரீட் வலியது, இழுப்பில் நலிந்தது. ஆகவே நாணிலும் தண்டுகளிலும் இழுவிசையை எஃகே சுமக்கிறது. கடலோர உப்புக் காற்று எஃகை அரிக்கும் என்பதால் இத்தகைய பாலங்களுக்குத் தொடர் பராமரிப்பு தேவை.

ஒப்பீடு

இதே வகையைச் சேர்ந்த இந்தியப் பாலங்களில் பெரியது, ராஜமுந்திரியில் 1997-இல் கட்டி முடிக்கப்பட்ட கோதாவரி ரயில் பாலம். அதற்கு 28 கண்கள். ஒவ்வொன்றும் சுமார் 97.5 மீட்டர் நீளம்.

அண்மைக் காலம்

2022-இல் மாமல்லபுரத்தில் 44ஆவது சதுரங்க ஒலிம்பியாட் நடந்தபோது, பாலம் முழுவதும் கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக வண்ணம் தீட்டப்பட்டது. போட்டிக்கான ஏ. ஆர். ரகுமானின் வரவேற்புப் பாடலும் இங்கே படமாக்கப்பட்டது.