குற்றப் பரம்பரை: ஒரு சட்டமும் அதன் இரு பெயர்களும்

குற்றவியல் கற்கப் புகுவார் முதற்கண் எதிர்கொள்ளும் வினா, சட்டம் ஒறுக்க வேண்டுவது செயலையா, செய்வோன் இயல்பையா என்பதாம். இத்தாலி நாட்டுப் பெக்கரியா 1764இல் வெளியிட்ட நூல் செயலையே அளவுகோலாகக் கொண்டது. சமுதாயத்திற்கு விளைந்த கேட்டின் அளவே தண்டத்தின் அளவு; அத்தண்டமும் முன்னரே அறிவிக்கப்பெற்ற சட்டத்தின்வழி வருதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. 1876இல் லொம்பிரோசோ நோக்கைச் செய்வோன்பால் திருப்பினார். கள்வன் ஒருவனின் மண்டையோட்டிற் கண்ட குழியைச் சான்றாகக் கொண்டு, குற்றவாளியருள் ஒருசாரார் தொல்மாந்தர் இயல்போடு பிறந்தவர் என்றார்.

நம் நாட்டுக் குற்றப் பரம்பரைச் சட்டத்தை லொம்பிரோசோ கொள்கையின் விளைவாகக் கருதுவாரும் உளர். காலமுறை அதற்கு இடந்தரவில்லை. அச்சட்டம் தோன்றியது 1871இல். அவர் நூலுக்கு ஐந்தாண்டு முற்பட்டது. அதன் வேரை 1836ஆம் ஆண்டுத் தக்கர் ஒழிப்புச் சட்டத்திலேயே காணலாம். தக்கர் கூட்டத்தைச் சார்ந்திருத்தலே அச்சட்டத்தின்படி வாழ்நாட் சிறைக்குரிய குற்றம். குலத்தொழில் தந்தைவழி வருவதுபோலக் களவும் வரும் என்று ஆட்சியாளர் கொண்ட கருத்தும் இதனோடு சேர்ந்தது. மண்டையோட்டை அளக்கும் தேவையே அவர்க்கு எழவில்லை.

வியப்பு யாதெனின், இதே ஆட்சி 1860இல் இயற்றிய தண்டனைச் சட்டத் தொகுப்பு செயலையும் அதற்குப் பின்னின்ற மனத்தையும் நாடியது என்பதே. ஏழு வயதிற்குட்பட்ட குழவி செய்வது எதுவும் அதன்படி குற்றமன்று. 1871ஆம் ஆண்டுச் சட்டமோ ஒரு குடியினரை ஒட்டுமொத்தமாகக் குற்றத்திற் பழகியோர் என அறிவிக்க அரசிற்கு உரிமை தந்தது. அவ்வறிவிப்பின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் வினவலாகாது. 1911இல் திருத்தியமைக்கப்பெற்ற சட்டம் சென்னை மாகாணத்திற்கும் உரியதாயிற்று. அதன்கீழ், ஆறு வயதைக் கடந்த பிள்ளைகளையே பெற்றோரிடமிருந்து பிரித்து வேறிடத்தில் வைக்கலாம். ஏழும் ஆறும் ஆகிய இவ்விரு எண்களையும் அருகருகே வைத்து நோக்குக.

ஈண்டுச் சொல்லாராய்ச்சி சிறிது வேண்டும். ஆங்கிலச் சட்டத்தின் பெயரில் உள்ள சொல்லுக்குக் குடி, குலம் என்பன நேராகும். தமிழில் நிலைத்ததோ ‘பரம்பரை’. சட்டம் வெளிப்படக் கூறாத கொள்கையை இம்மொழிபெயர்ப்பு கூறிவிட்டது. மூலத்தினும் நேர்மை உடையது எனலாம். மக்கள் வழங்கிய பெயர் வேறு: கைரேகைச் சட்டம். கொள்கையை அவர்கள் கண்டிலர். தம் விரல் மையில் அழுத்தப்படுதலைக் கண்டனர்.

அப்பதிவை மறுத்தே மதுரை மாவட்டத்துப் பெருங்காமநல்லூர் மக்கள் 1920 ஏப்ரல் 3ஆம் நாள் எதிர்த்து நின்றனர். காவலர் சுட்டதில் பத்துப் பேருக்கு மேல் மாண்டனர். களவு செய்தமைக்காக அன்று எவரும் சுடப்படவில்லை. பெயரைப் பதிய இசையாமையே காரணம்.

சென்னையில் இச்சட்டம் 1947இலும், இந்தியா முழுவதும் 1952இலும் நீக்கப்பெற்றது. இடையே 1948இல் சென்னையில் வழக்கக் குற்றவாளிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் வந்தது. இது குலத்தை விடுத்துத் தனிமனிதனை நோக்கியது. ஆயினும் செய்த செயலோடு நில்லாமல் இனிச் செய்யக்கூடியதையும் கருதியது. பட்டியலினின்று நீங்கிய குடியினரைத் தமிழக அரசு ‘சீர்மரபினர்’ எனக் குறித்தது. பரம்பரை என்னும் சொல் போயிற்று. மரபு என்னும் சொல் நின்றது.