துபாய்ப் பெட்டியில் வந்த ஸ்டீரியோ

போன மாதம் ஒரு சாயங்காலம் பி பிளாக் லிஃப்டில் இரண்டு பிள்ளைகள் நின்றார்கள். ஒரே இயர்போன். வலது பக்கத்து மொட்டு அக்கா காதில், இடது பக்கத்தது தம்பி காதில். இரண்டு பேரும் ஒரே தாளத்துக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

“என்ன பாட்டு மக்கா?”

“இளையராஜா பாட்டு தாத்தா.”

“ஆளுக்குப் பாதிப் பாட்டுதான் கேக்குது, தெரியுமா?” என்றேன். ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துவிட்டு மூன்றாவது மாடியில் இறங்கிப் போய்விட்டார்கள். அவர்களிடம் சொல்ல நினைத்த மிச்சத்தைத்தான் இங்கே எழுதுகிறேன். செயலாளரும் இரண்டு இதழாக ஒரு கட்டுரை கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இரண்டு ஸ்பீக்கர் இருந்தால் ஸ்டீரியோ என்று பலரும் நினைக்கிறார்கள். கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா சமயத்தில் பக்கத்துத் தெருவில் கல்யாண வீடும் இருந்தால், ஒரு கோளாம்பி இடது காதில் ஒன்று பாடும், இன்னொன்று வலது காதில் வேறொன்று பாடும். அது ஸ்டீரியோ இல்லை, இரண்டு தொந்தரவு. இரண்டு காதுக்கும் கொஞ்சம் கொஞ்சம் வேறுபட்ட ஒலியைக் கொடுத்து, மூளைக்குள் ஒரே ஒரு மேடையைக் கட்டிக் காட்டுவதுதான் ஸ்டீரியோ. இடப்பக்கம் ஒருவர் கைதட்டினால் அந்தச் சத்தம் இடது காதுக்கு முதலிலும் வலது காதுக்குச் சற்றுப் பிந்தியும் வந்து சேரும். அந்தப் பிந்தல் அதிகம் போனால் ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. போதாததற்குத் தலை நடுவில் நின்று மறைப்பதால் வலது காதில் சத்தமும் கொஞ்சம் குறையும். இந்த இரண்டு கணக்கையும் வைத்துக்கொண்டு ‘இங்கேதான்’ என்று மூளை விரல் நீட்டிவிடுகிறது. கொசு எந்தப் பக்கம் பறக்கிறது என்று இருட்டில் கண்டுபிடிப்பதும் இப்படித்தான்.

இதை முதலில் காதில் வைத்துக் கேட்டவர்கள் ரேடியோ வருவதற்கு முந்தைய காலத்து ஆட்கள். 1881-இல் பாரிஸில் மின்சாரக் கண்காட்சி நடந்தது. கிளெமாங் அடேர் என்பவர் அங்கிருந்த ஓபரா அரங்கின் மேடை முன்விளிம்பில் வரிசையாகத் தொலைபேசி மைக்குகளை வைத்து, அங்கிருந்து கண்காட்சி மண்டபம் வரை கம்பி இழுத்தார். மண்டபத்தில் இருந்தவர்கள் இரண்டு கையிலும் ஒவ்வொரு தொலைபேசிக் குழலை எடுத்து இரண்டு காதிலும் வைத்துக்கொண்டார்கள். பாடகர் மேடையில் நடந்து போவதே காதுக்குத் தெரிகிறது என்று வியந்தார்கள். தொலைபேசி இலாகாவில் ஆயுசைக் கழித்தவன் என்ற முறையில் இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஹெட்போனில் ஸ்டீரியோ கேட்பது எங்கள் இலாகா போட்ட பிள்ளையார் சுழி.

ஆனால் அதைப் பதிவு செய்து வைக்க வழி பிறக்க ஐம்பது வருஷம் ஆனது. இங்கிலாந்தில் இ.எம்.ஐ. நிறுவனத்தில் இருந்த ஆலன் பிளம்லைன் என்ற பொறியாளர் மனைவியோடு சினிமாவுக்குப் போனாராம். நடிகர் திரையின் ஒரு ஓரத்தில் நிற்க, குரல் வேறெங்கிருந்தோ வந்தது அவருக்குப் பொறுக்கவில்லை. 1931 டிசம்பரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். இசைத்தட்டின் பள்ளத்துக்கு இரண்டு சுவர் உண்டல்லவா, ஒரு சுவரில் இடது ஒலி, மறு சுவரில் வலது ஒலி, இரண்டையும் ஒரே ஊசி படிக்கும் என்பது அவர் யோசனைகளில் ஒன்று. அது கடைத்தெருவுக்கு வந்ததைப் பார்க்க அவர் இல்லை. 1942-இல் போர் விமானத்தில் ரேடார் சோதனைக்குப் போனபோது விமானம் விழுந்து இறந்தார். வயது 38. ஸ்டீரியோ இசைத்தட்டுகள் பரவலாக விற்பனைக்கு வந்தது 1958 வாக்கில். அதே வருஷம் அமெரிக்காவில் ஜான் காஸ் என்பவர் பாட்டுக் கேட்பதற்கென்றே ஸ்டீரியோ ஹெட்போனைக் கொண்டுவந்தார்.

நாஞ்சில் நாட்டுக்கு இதெல்லாம் எப்போது வந்தது?

என் சின்ன வயதில் எங்களுக்கு இசை என்றால் மூன்று வழிதான். திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் கோளாம்பி. சாயங்காலமானால் இலங்கை வானொலி, இடையில் திருவனந்தபுரம், திருநெல்வேலி நிலையங்கள். பிறகு சினிமா தியேட்டர். மூன்றும் மோனோ. அதாவது எல்லாச் சத்தமும் ஒரே வாய்க்கால் வழியாக வரும்.

மோனோ மட்டம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. எம்.எஸ்.விசுவநாதன், கே.வி.மகாதேவன் காலத்துப் பாடல்களில் பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து, ஒன்றிரண்டு மைக்குக்கு முன்னால் பாடி வாசித்துப் பதிவு செய்தார்கள். யார் மைக்குக்கு எவ்வளவு தூரத்தில் உட்காருவது என்பதே பெரிய கலை. அதனால் அந்தப் பாடல்களில் முன் பின் உண்டு. குரல் முன்னால் நிற்கும், புல்லாங்குழல் கொஞ்சம் தள்ளி நிற்கும். இடம் வலம் மட்டும் கிடையாது.

தமிழில் பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்த முதல் படம் என்று பொதுவாகச் சொல்லப்படுவது 1978 டிசம்பரில் வந்த ‘ப்ரியா’. சுஜாதா கதை, எஸ்.பி.முத்துராமன் இயக்கம், ரஜினியும் ஸ்ரீதேவியும் சிங்கப்பூரில் சுற்றுவார்கள். இசை இளையராஜா, முக்கியமான பாடல்களில் யேசுதாஸ் குரல். இளையராஜா ‘அன்னக்கிளி’யில் வந்து அப்போது இரண்டே வருஷம் ஆகியிருந்தது. ஸ்டீரியோ அவருக்கு வந்து சேர்ந்ததைப் பொருத்தமான ஆளிடம் பொருத்தமான கருவி சேர்ந்தது என்றுதான் சொல்வேன். அவர் பாட்டில் பாடகர் ஒரு மெட்டில் போகும்போது கீழே பேஸ் கிதார் தன்பாட்டுக்கு இன்னொரு மெட்டில் போகும், வயலின்கள் மூன்றாவதாக ஒன்றைச் சொல்லும். ஒற்றை வாய்க்காலில் இவை ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும். இடமும் வலமும் நடுவுமாகப் பிரித்து வைத்தால் காது ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பின்தொடரலாம்.

ஆனால் ‘ப்ரியா’ படத்தைத் தியேட்டரில் பார்த்த நாங்கள் யாரும் அதை ஸ்டீரியோவில் கேட்கவில்லை! சாதாரண 35 மி.மீ. படச்சுருளின் ஓரத்தில் இருந்தது ஒற்றை ஒலித்தடம். நம்மூர்த் தியேட்டர்களில் திரைக்குப் பின்னால் இருந்ததும் அதற்கேற்ற ஏற்பாடுதான். ரேடியோவும் மோனோ. அப்படியானால் அந்த ஸ்டீரியோவை யார்தான் கேட்டார்கள்? வீட்டில் ஸ்டீரியோ ரெக்கார்டு பிளேயர் வைத்திருந்த பணக்காரர்கள் கேட்டிருப்பார்கள். மற்றபடி இந்த மாவட்டத்துக்கு அதைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் வளைகுடாவுக்கு வேலைக்குப் போன நம் பிள்ளைகள் என்பது என் கட்சி. சினிமாக்காரர்களுக்கோ தியேட்டர்காரர்களுக்கோ இதில் பெரிய பங்கில்லை.

1970-களின் கடைசியிலிருந்து வீட்டுக்கு ஒருவர் துபாய், மஸ்கட், சவூதி என்று கிளம்பினார்கள். திருவனந்தபுரம் விமான நிலையத்தில் இறங்கி டாக்சி பிடித்து வருவார்கள். கேரியரில் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி. அதற்குள் சேலை, சோப்பு, தைலம், கட்டாயம் ஒரு டூ-இன்-ஒன். என் பெரியக்கா மாப்பிள்ளை, அத்தான், 1982-இல் கொண்டுவந்தது இரண்டு பக்கமும் ஸ்பீக்கர் வைத்த சோனி. கூடவே பஞ்சு வைத்த ஒரு ஹெட்போன். வீடு முழுக்க ஆள். பிள்ளைகள் அழுகை, அக்காவின் மாமியார் யாருக்கு என்ன சேலை என்று பிரித்துக்கொண்டிருக்கிறார்கள். அத்தான் என்னைக் கூப்பிட்டு, “இத மாட்டிப் பாரு மாப்ளே” என்று ‘ப்ரியா’ கேசட்டைப் போட்டார்.

வீட்டுச் சத்தம் எல்லாம் தூரப் போய்விட்டது. பாட்டு என் தலைக்குள்ளே நடந்துகொண்டிருந்தது. யேசுதாஸ் இரண்டு புருவத்துக்கும் நடுவில் நின்று பாடுகிறார். ஒரு வாத்தியம் இடது காதோரம், இன்னொன்று வலது காதோரம். திரும்பிப் பார்த்தேன், நிஜமாகவே. அத்தான் சிரித்துவிட்டார். ஸ்பீக்கரில் கேட்கும்போது இடது ஸ்பீக்கர் சத்தம் வலது காதுக்கும் கொஞ்சம் போகும், மேடை நமக்கு எதிரில் தெரியும். ஹெட்போனில் இந்தக் கலப்பு கிடையாது. அதனால்தான் மேடை மண்டைக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இந்த விளக்கம் எல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்குத் தெரிந்தது ஆச்சரியம் மட்டும்தான்.

கேசட்டில் ஒரு நல்ல சூட்சுமம் உண்டு. 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்த அந்த நாடாவின் அகலம் 4 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதில் நான்கு தடம், ஏ பக்கத்துக்கு இரண்டு, பி பக்கத்துக்கு இரண்டு. ஒரே பக்கத்தின் இடதும் வலதும் ஒட்டி ஒட்டி இருக்கும். ஆகவே மோனோ டேப் ரெக்கார்டரில் போட்டால் அதன் அகலமான ஹெட் இரண்டையும் சேர்த்தே படித்துவிடும். பாட்டு முழுசாக வரும், இடம் வலம் மட்டும் போய்விடும். ஊரில் பத்துப் பேரில் ஒன்பது பேர் ஸ்டீரியோ கேசட்டை மோனோவில்தான் கேட்டார்கள், ஒன்றும் குறைந்ததாகத் தெரியவில்லை. 1980-இல் யேசுதாஸ் திருவனந்தபுரத்தில் தரங்கிணி நிறுவனத்தைத் தொடங்கினார். மலையாளப் பாட்டுக் கேசட்டுகள் களியக்காவிளை தாண்டி இங்கே வந்து குவிந்தபோதும் இதே கதைதான்.

இனி என் சொந்த நஷ்டம் ஒன்று. அத்தான் லீவு முடிந்து போகும்போது செட்டை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். டவுனில் ஒரு ரெக்கார்டிங் சென்டரில் (பெயர் வேண்டாம், கடை இப்போது இல்லை) பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து 90 நிமிஷக் கேசட் ஒன்றில் பதிந்து வாங்கினேன். அத்தனையும் எண்பதுகளின் தொடக்கத்துப் பாடல்கள். கேசட் தேயத் தேயக் கேட்டேன். 1993-இல் அதே பாட்டுகளை ஒரு நண்பர் வீட்டில் சி.டி.யில் கேட்டபோது ஒரு இடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். நான் கேட்டே இராத ஒரு கிதார், பாடகியின் ஒவ்வொரு வரிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தது. அடுத்த பாட்டில் ஒரு கோரஸ், அதுவும் புதிசு. வீட்டுக்கு வந்து சோதித்தால், கடைக்காரர் டெக்கில் ஒரு பக்கம் செத்துப்போயிருந்திருக்கிறது. இடது பக்கத்தை மட்டும் எடுத்து இரண்டு தடத்திலும் பதிந்து கொடுத்திருக்கிறார். போனில் ஒருவர் பேசுவதை மட்டும் கேட்டுவிட்டு, பேச்சு இவ்வளவுதான் என்று பத்து வருஷத்துக்கு மேல் நம்பியிருந்தவன் நான். லிஃப்டில் அந்தப் பிள்ளைகளைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்காமல் போனது இதனால்தான்.

தியேட்டர்கள் பிறகு மெதுவாக வந்து சேர்ந்தன. 1986-இல் ‘மாவீரன்’ தமிழின் முதல் 70 மி.மீ., ஆறு தட ஸ்டீரியோ படமாக வந்தது. 1995-இல் ‘குருதிப்புனல்’ டால்பி ஸ்டீரியோவோடு வந்தது. நடுவில் 1992-இல் ‘ரோஜா’. ரகுமானின் பாடல்களை ஹெட்போன் இல்லாமல் கேட்பது முக்காலைக் கேட்பதுபோல என்று பையன்கள் சொன்னார்கள், அதில் தப்பில்லை. அவருடைய ஒலிப்பொறியாளர் எச்.ஸ்ரீதர் 2008-இல் சின்ன வயதிலேயே காலமானது பெரிய இழப்பு. ஆனால் ஹெட்போனில் கேட்க ஒன்றே ஒன்று சொல் என்றால் இளையராஜா 1986-இல் வெளியிட்ட ‘ஹவ் டு நேம் இட்’ என்ற ஆல்பத்தைத்தான் சொல்வேன். தியாகராஜருக்கும் பாஹுக்கும் சமர்ப்பணம். வரிகள் இல்லை, நடிகர் இல்லை. வயலின்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும்.

வாக்மேனைச் சொல்லாமல் விடக் கூடாது. 1979 ஜூலையில் ஜப்பானில் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் வாக்மேனில் ஹெட்போன் சொருக இரண்டு துளை இருந்தது. ஒருவர் மட்டும் தனியாகக் காதை அடைத்துக்கொண்டு உட்காருவது மரியாதையாக இருக்காது என்று நிறுவனத்தின் தலைவர் அகியோ மோரிடா நினைத்தார். இரண்டு பேர், இரண்டு ஹெட்போன், ஆளுக்கு முழுப் பாட்டு. அந்த இரண்டாவது துளையைப் பின்னால் வந்த மாடல்களில் எடுத்துவிட்டார்கள். எடுத்திருக்க வேண்டாம் என்று இப்போது தோன்றுகிறது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு காய்ச்சலுக்குப் பிறகு என் இடது காதில் கேள்வி அநேகமாகப் போய்விட்டது. இன்றைய போன்களில் ‘மோனோ ஆடியோ’ என்று ஒரு வசதி இருக்கிறது. அமைப்புகளில் அணுகல்தன்மைப் பகுதிக்குள் தேடினால் கிடைக்கும். அதைப் போட்டுவிட்டால் இரண்டு பக்கத்து ஒலியும் சேர்ந்து ஒரே காதுக்கு வரும். நம் குடியிருப்பில் என்னைப்போல ஒற்றைக் காதுக்காரர்கள் இன்னும் சிலர் இருப்பது தெரியும், அவசியம் போட்டுக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் பாதிப் பாட்டுதான். எனக்கு எல்லாம் பழையபடி 1978-க்கு முந்தைய உலகமாகிவிட்டது. முன் பின் உண்டு, இடம் வலம் இல்லை.

வெள்ளையடிப்புச் சமயத்தில் நம் குப்பை அறையில் ஒரு சாக்கு நிறைய கேசட் கிடந்தது. யார் போட்டது என்று கேட்கவில்லை, எடுத்து வந்துவிட்டேன். சிலதில் பூஞ்சை பிடித்திருக்கிறது. மற்றவை ஓடுகின்றன, பலதும் கம்பெனி கேசட், அசல் ஸ்டீரியோ. இணையத்தில் கிடைக்கும் பழைய பாடல்களில் சிலவற்றில் ஸ்டீரியோ மோனோவாகக் குறுகியிருக்கிறது. வேறு சிலவற்றில் மோனோவை இழுத்து இரண்டாக்கி எதிரொலி சேர்த்திருக்கிறார்கள். ஆகவே இந்தச் சாக்கு குப்பை இல்லை.

லிஃப்டில் பார்த்த பிள்ளைகள் இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் வருகிறார்கள். டெக்கில் இரண்டு ஹெட்போன் மாட்ட ஒரு பிரிப்பான் வாங்கியிருக்கிறேன். அக்காவும் தம்பியும் ஆளுக்கொன்று மாட்டிக்கொள்கிறார்கள், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். இடது பக்கம் என்ன வருகிறது என்று தம்பி எனக்குச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். போன வாரம் ஒரு பாட்டில், “தாத்தா, யாரோ சலங்கை மாதிரி ஒண்ண ஆட்டுறாங்க, லெஃப்ட்ல மட்டும்” என்றான். 40 வருஷமாகக் கேட்ட பாட்டு அது, எனக்கு அந்தச் சலங்கை ஞாபகம் இல்லை.