எண்ணி வைத்தவர்கள் காத்த ஏரி

அயர்லாந்து நாட்டின் தென்மேற்கே, கார்க் மாவட்டத்து ஸ்கிபரீன் என்னும் ஊருக்கு அருகில், லாக் ஹைன் என்றோர் ஏரி உண்டு. 'லாக்' என்பதற்கு ஐரிஷ் மொழியில் ஏரி என்பதே பொருள். நீளம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். ஆழமோ 50 மீட்டர் அளவினது. பெயரால் ஏரியாயினும் அதில் நிறைந்திருப்பது கடல்நீரே.

தொடக்கத்தில் இது நன்னீர் ஏரியாக இருந்தது. பனியூழி முடிந்தபின் கடல்மட்டம் படிப்படியாக உயர்ந்தது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் உவர்நீர் உள்ளே புகுந்தது. இன்றும் குறுகிய பாறைவாயில் ஒன்றின் வழியே ஓதநீர் வந்து செல்கின்றது. வாயிலின் அடியில் படிபோற் கிடக்கும் பாறை நீரோட்டத்தைத் தடுக்கின்றது. ஆதலின் நீர் உட்புக நான்கு மணி நேரமும், வெளியே வடிய எட்டு மணி நேரத்துக்கு மேலும் ஆகின்றன.

இச்சிற்றேரியின் சிறப்பை உணர்ந்து, 1920-களில் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் கார்க் பல்கலைக்கழகக் கல்லூரிப் பேராசிரியர் லூயி ரெனூஃப். 1930-களின் பிற்பகுதியில் ஜாக் கிச்சிங் என்னும் அறிஞர் வந்தார். அவரும் ஜான் எப்ளிங்கும் பல்லாண்டுகள் இங்கு உழைத்தனர். ஓரிடத்திலிருந்த கடல் முள்ளெலிகளை அகற்றினர். அங்கே பாசி செழித்தது. பாசி மண்டிய வேறோரிடத்தில் அவற்றை விட்டனர். அங்கே பாசி அழிந்தது. ஓர் உயிரின் பசி ஓரிடத்தின் தோற்றத்தையே மாற்றவல்லது என்பது இதனால் விளங்கிற்று. இவ்வாய்வின் முடிவு 1961-ஆம் ஆண்டில் வெளியாயிற்று.

இத்தகைய ஆய்வுகளின் பெருமையாலேயே, 1981-ஆம் ஆண்டில் அயர்லாந்து அரசு இவ்வேரியைச் சட்டத்தால் காக்கப்படும் கடல்சார் இயற்கைக் காப்பகமாக அறிவித்தது. அந்நாட்டின் முதற் கடற்காப்பகம் இதுவே.

சட்டம் வந்தது, கவலை தீர்ந்ததா? இல்லை. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் முள்ளெலிகள் பெரிதும் அருகிவிட்டன. 2010-க்கும் 2015-க்கும் இடையே நீரடிப் பாறைச் சுவர்களை அணி செய்த கடற்பஞ்சுகளும் பெருமளவு குறைந்தன. சட்டத்தின் எல்லை கரையோடு முடிகின்றது; நீரோ அவ்வெல்லையை அறியாது.

எனினும் ஒன்றை நாம் மறத்தலாகாது. முன்னிருந்தோர் எண்ணி எழுதி வைத்திராவிடில், இவ்விழப்பு நிகழ்ந்ததையே எவரும் அறிந்திரார். இருந்ததை அறியாதவன் இழந்ததற்கு எவ்வாறு வருந்துவான்? மாணவ நண்பர்களே! உங்கள் ஊர்க் குளத்தையோ கடற்கரையையோ ஆண்டுதோறும் உற்று நோக்கிக் கண்டதைக் குறித்து வையுங்கள். அக்குறிப்பேடும் ஒரு காவலே.