நர்ஸ்களே ஆய்வாளர்கள்... பிரசவ வார்டை மாற்றும் 'செயல் ஆய்வு' என்றால் என்ன?

அவலூர்பேட்டை பக்கம் ஒரு கர்ப்பிணிக்கு பிரசவம் சிக்கலானால், செஞ்சிக்கோ திருவண்ணாமலைக்கோ முண்டியம்பாக்கம் மருத்துவக் கல்லூரிக்கோதான் அனுப்ப வேண்டும். ஆம்புலன்ஸ் ஓடும் நேரத்தை ஓரளவுக்கு மேல் குறைக்க முடியாது. ஆனால் 'அனுப்பணும்' என்று முடிவெடுக்கும் நேரத்தைக் குறைக்கலாம். அந்த முடிவுக்கு உதவுவது பார்ட்டோகிராஃப் என்ற ஒரு தாள்.

கர்ப்பப்பை வாய் 4 செ.மீ. திறந்ததும் இந்த வரைபடம் தொடங்கும். குழந்தையின் இதயத்துடிப்பை அரை மணிக்கு ஒருமுறை குறிக்க வேண்டும். கோடு எச்சரிக்கை எல்லையைத் தாண்டினால் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பத் தயாராக வேண்டும். சிக்கல் என்னன்னா, பல இடங்களில் பிரசவம் முடிந்த பிறகுதான் இதை உட்கார்ந்து நிரப்புகிறார்கள். அப்போது அது வெறும் ரெக்கார்டு.

செயல் ஆய்வு எப்படி நடக்கும்?

மேலிடத்திலிருந்து சர்க்குலர் விட்டால் நாலு நாள் நடக்கும், அப்புறம் பழைய கதைதான். செயல் ஆய்வில் வார்டு நர்ஸ்களே கேள்வி கேட்கிறார்கள்: ஏன் நேரத்துக்கு நிரப்ப முடியல? தாள் ஆபீஸ் அலமாரியில் பூட்டிக் கிடக்கலாம். இரவு ஷிப்டில் ஒரே நர்ஸ் இருக்கலாம். முதலில் எத்தனை தாள் நேரத்துக்கு நிரம்பியது என்று எண்ணுவார்கள். பிறகு தாளை கட்டில் அருகிலேயே வைப்பது மாதிரி சின்ன மாற்றம் ஒன்றை சில நாள் செய்து, மறுபடி எண்ணுவார்கள். பலன் இருந்தால் தொடரலாம், இல்லாவிட்டால் வேறு வழி.

இந்தப் பெயரை 1946-ல் பிரபலமாக்கியவர் உளவியலாளர் கர்ட் லெவின். வெளியாள் வந்து கணக்கெடுத்துப் போகும் ஆய்வு அல்ல இது. வேலை செய்பவரே ஆய்வாளர்.

இந்தியாவில் இருக்கிறதா?

இதே பாணியில்தான் 2017 டிசம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் 'லக்‌ஷயா' திட்டத்தைத் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி, மாவட்ட மருத்துவமனை போன்றவற்றின் பிரசவ அறைகளுக்கானது. இரண்டு மாதத்துக்கு ஒரு சுழற்சி என ஆறு சுழற்சிகள்; முதல் சுழற்சியே பார்ட்டோகிராஃப்தான்.

ஒரு உண்மையையும் சொல்லணும். ஆள் பற்றாக்குறையை எந்த ஆய்வும் தீர்க்காது. நர்ஸ் சொல்வதை டாக்டரும் கேட்கணும். பல வார்டுகளில் அதுவே பெரிய மாற்றம்.

இன்னொரு சுழற்சி, பிரசவ அறையில் உடன் ஒரு பெண் இருப்பது. அம்மாவோ மாமியாரோ அக்காவோ இருக்கலாமா என்று அட்மிட் ஆகும்போதே கேளுங்கள்.