பெயர் எழுதாத குரல்

சென்ற மாதம் என் சின்ன மாமனாரின் குரலை மடிக்கணினியில் பதிவு செய்தேன். அவருக்கு 90 வயது. மம்சாபுரத்தில் கமலை கட்டித் தண்ணீர் இறைத்த தலைமுறையைச் சேர்ந்தவர். மாடுகள் சரிவில் முன்னே இறங்கும்போது சால் மேலே வரும். அப்புறம் அவற்றைப் பின்னுக்கு ஏற்ற வேண்டும். அதற்கு ஒரு சத்தம் கொடுப்பார்கள். நாக்கும் தொண்டையும் சேர்ந்து எழுப்பும் அந்தச் சத்தத்தை எழுத முயன்று பார்த்தேன். தமிழ் எழுத்தும் போதவில்லை, நான் படித்த பிரெஞ்சு எழுத்தும் போதவில்லை. அதனால்தான் கணினியைத் திறந்தேன்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அரசு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்று, மனைவியின் ஊரான இங்கே வந்து சேர்ந்தவன். கோப்பு என்றால் எண், தேதி, பொருள் மூன்றும் இருக்க வேண்டும் என்பது என் தொழில் கற்றுத் தந்த பாடம். குரலுக்கும் அது பொருந்தும் என்பதை ஒரு பழைய பிரெஞ்சுக்காரரின் கதை எனக்குக் காட்டியது.

அவர் பெயர் எதுவார் லியோன் ஸ்காட் த மார்த்தன்வீல். பாரிஸில் அச்சுத் தொழிலில் இருந்தவர். ஒலியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டு ஒரு கருவி செய்து, 1857-இல் காப்புரிமை வாங்கினார். விளக்குக் கரி படிந்த தாளை உருளையில் சுற்றி, பேசும்போது அதிரும் சவ்வில் பொருத்திய மெல்லிய மயிரால் அதில் கோடு கிழிக்கச் செய்தார். அந்தக் கோட்டைத் திரும்ப ஒலிக்க வைக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. எடிசன் பேசும் கருவியை உருவாக்கியது அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1877-இல்தான்.

1860 ஏப்ரல் 9 அன்று ஸ்காட் அந்தக் கருவியின் முன் 'ஓ க்ளேர் த லா லூன்' என்ற பாட்டைப் பாடினார். பிரெஞ்சுப் பள்ளியில் காலெடுத்து வைத்த எந்தக் குழந்தைக்கும் தெரிந்த பாட்டு அது, எனக்கும் தெரியும். தாளில் தேதி எழுதினார். பிறகு பாரிஸ் அறிவியல் கழகத்தில் ஒப்படைத்தார். அங்கே அது அப்படியே கிடந்தது. 2008-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தத் தாளைப் படமெடுத்து, கோட்டின் நெளிவுகளைக் கணினியால் ஒலியாக்கினார்கள். 148 ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் பாட்டு கேட்டது.

முதலில் அது ஒரு சிறுமியின் குரல் போல ஒலித்தது. வேகத்தைக் கணிக்க, பாட்டோடு கூடவே ஓர் இசைக்கவையின் அதிர்வையும் ஸ்காட் பதிந்திருந்தார். அக்காலப் பிரெஞ்சு அறிஞர்கள் அதிர்வின் போக்கை ஒன்றாகவும் வரவை இன்னொன்றாகவும் எண்ணுவார்கள். இன்று இரண்டும் சேர்ந்தால்தான் ஒன்று. இந்தக் கணக்கில் வந்த குழப்பத்தால் பாட்டு இரு மடங்கு வேகத்தில் ஓடியது. 2009-இல் சரி செய்தபோது, நடுவயது ஆண் ஒருவர் மெதுவாகப் பாடுவது கேட்டது. அது ஸ்காட்டின் குரலேதான் என்கிறார்கள். குரல் பிழைத்தது கருவியால் மட்டுமல்ல. தேதி போட்டு, உரிய இடத்தில் ஒப்படைத்து, அளவையும் பக்கத்திலேயே குறித்து வைத்ததால் பிழைத்தது.

நம் ஊர்ப் பக்கமும் இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. கிரியர்சன் நடத்திய இந்திய மொழிகள் கணக்கெடுப்பு, சென்னை மாகாணத்தைச் சேர்க்காமலே முடிந்தது. ஆனால் அதையொட்டி நடந்த கிராமபோன் பதிவில் சென்னை மாகாணத்து மொழிகளும் பேச்சு வழக்குகளும் இடம்பெற்றன. பலரும் சொன்னது ஒரே கதை: விவிலியத்தின் ஊதாரி மைந்தன் கதை. ஒரே கதை என்றால்தானே பேச்சுக்குப் பேச்சு ஒப்பிட்டுப் பார்க்க முடியும்? தட்டில் பேசியதை எழுத்தில் அச்சிட்டு, 1927-இல் சென்னையில் நூலாகவும் வெளியிட்டார்கள். இன்று அந்தக் கணக்கெடுப்பின் இசைத்தட்டுகளைச் சிகாகோ பல்கலைக்கழகத்தின் இணைய நூலகத்தில் வீட்டிலிருந்தே கேட்கலாம்.

இனி என் கதை. 1981-இல் பிரான்சிலிருந்து வந்த உறவினர் ஒருவர் கேசட் ரெக்கார்டர் கொண்டு வந்தார். என் அப்பாவை உட்கார வைத்து, பிரெஞ்சுக்காரர் காலத்துக் கதைகளை அரை மணி நேரம் பேச வைத்தோம். மறு வருடம் அவர் காலமானார். கேசட்டின் மேல் யாரும் எதுவும் எழுதவில்லை. காலி கேசட் என்று நினைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை அதன் மேல் வானொலிப் பாட்டுகளைப் பதிந்தவன் நான்தான். அலுவலகத்தில் ஒரு கோப்பைக்கூடத் தொலைக்காதவன், அப்பாவின் குரலைத் தொலைத்துவிட்டேன். அம்மாவிடம் கடைசி வரை இதைச் சொல்லவில்லை.

ஆகவே இந்த முறை ஒழுங்காகச் செய்தேன். உங்களுக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். கணினியில் 'ஆடாசிட்டி' என்ற இலவச மென்பொருள் இருந்தால் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். மைக்கைப் பேசுபவரின் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். நொடிக்கு 44,100 முறை ஒலியை அளக்கும் அமைப்பே வழக்கமானது. நம் காது கேட்கும் அத்தனையும் அதில் அடங்கும். மூலப் பதிவை 'வேவ்' கோப்பாக வையுங்கள். ஒற்றைத் தடத்தில் ஒரு மணி நேரத்துக்கு 318 மெகாபைட் அளவு வரும். அனுப்புவதற்கு மட்டும் 'எம்பி3' ஆக்கிக்கொள்ளுங்கள். இரண்டு இடங்களில் பிரதி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன், பொத்தானை அழுத்தியதும் பேசுபவர் பெயர், ஊர், வயது, தேதி ஆகியவற்றை நீங்களே வாயால் சொல்லிவிடுங்கள். அதையே கோப்பின் பெயராகவும் எழுதுங்கள். பெயர் வைக்காத கோப்பும் என் கேசட்டும் ஒன்றுதான்.

மாமா கமலைச் சத்தத்தை மூன்று முறை கொடுத்தார். மூன்றாவது முறை அவர் உடம்பே பின்னால் சாய்ந்தது. திரும்பப் போட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

"மாப்ள, மாடுதான் இல்ல. இருந்திருந்தா இந்நேரம் பின்னுக்கு வந்திருக்கும்" என்றார்.