காங்கேசன்துறைச் செம்மண்ணும் வெள்ள நிவாரணமும்

பயிர் அழிந்த கமக்காரனுக்கு அரசாங்கம் கையிற் பணம் கொடுப்பது பழைய வழக்கமன்று. ஆங்கிலேயர் ஆட்சியில் நெல்வரி நிலவிய காலத்தில், விளைவு பொய்த்தால் குடிகள் எதிர்பார்த்த முதற் சலுகை வரிக் குறைப்பே. 1892ஆம் ஆண்டில் இலங்கையில் அவ்வரி நீக்கப்பட்டது. தள்ளிவிட வரி இல்லாத பின்னர் நிவாரணம் வேறு உருவம் எடுக்கவேண்டியதாயிற்று.

1957 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. நாச்சதுவக் குளம் உடைந்தது, வயல்கள் அழிந்தன. மறு ஆண்டிலே நெற்பயிர்க் காப்புறுதி பரீட்சார்த்தமாகத் தொடங்கப்பட்டது. 1961இல் அதற்கென ஒரு சட்டமும் பிறந்தது. குளமும் வயலும் கொண்ட நாட்டுக்கு அது பொருத்தமான ஏற்பாடுதான். ஆனால் காங்கேசன்துறையின் நிலைமை வேறு.

அங்கே ஆறில்லை, பெருங்குளமில்லை. சுண்ணக்கல்லின்மேற் படிந்த செம்மண்ணும், அக்கல்லைக் குடைந்து தோண்டிய கிணறுமே தோட்டக்காரனின் முதல். துலா மிதித்து இறைத்த நீரிற் புகையிலையும் மிளகாயும் வாழையும் வெங்காயமும் விளைந்தன. நிலத்தை அவர்கள் ஏக்கரில் எண்ணுவதில்லை, பரப்பில் எண்ணுவர். பதினாறு பரப்பு ஓர் ஏக்கர். நான்கைந்து பரப்பை உழைப்பாலும் எருவாலும் ஒரு குடும்பத்துக்குப் போதுமானதாக ஆக்கிய இம்மக்களை நெல்லளவுகோல் எவ்வாறு அளக்கும்? மற்றைப் பயிர்களையும் காப்புறுதிக்குள் கொண்டுவர 1973ஆம் ஆண்டின் சட்டம் வேண்டியிருந்தது.

பின்னர் நேர்ந்தது எந்தக் காப்புறுதிப் பத்திரத்திலும் எழுதப்படாத அழிவு. 1990 ஜூனிற் போர் மீண்டும் மூண்டபோது ஊரார் இடம்பெயர்ந்தனர். ஊர் உயர் பாதுகாப்பு வலயத்துள் அடங்கியது. 2008 நவம்பரில் நிஷா புயலின் மழை குடாநாட்டை மூழ்கடித்தவேளை, வலயத்துக்குள் அகப்பட்ட தோட்டங்களில் உரியவர் நட்ட பயிர் ஒன்றும் இருக்கவில்லை. பயிர் இல்லாதவனுக்குப் பயிர்ச்சேத நட்டஈடும் இல்லை. 2013இல் வலிகாமம் வடக்கில் 6,381 ஏக்கரைச் சுவீகரிக்கும் அறிவித்தலும் வெளியாயிற்று. காணிக்காரர் நீதிமன்றம் சென்றனர். 2015 முதல் காணிகள் பகுதி பகுதியாக விடுவிக்கப்பட்டன. திரும்பியோர் கண்டது பற்றைக்காடும் தூர்ந்த கிணறுகளுமே. ஒரு கிணற்றை இறைத்துத் துப்புரவாக்கிய பின்னரே முதற் பாத்தி கட்டலாம்.

2018இல் அரசாங்கம் கட்டணமில்லாப் பயிர்க் காப்புறுதியை ஆறு பயிர்களுக்கு விரித்தது: நெல், சோளம், சோயா, உருளைக்கிழங்கு, மிளகாய், பெரிய வெங்காயம். இயற்கை அனர்த்தத்தால் அழிந்த ஏக்கருக்கு உச்சத்தொகை 40,000 ரூபா. பரப்புக்கு வகுத்தால் 2,500 ரூபா. நான்கு பரப்பு மிளகாய் முற்றாக அழிந்தவனுக்கு 10,000 ரூபா. திட்டம் நல்ல நோக்குடையதே. எனினும் அப்பட்டியலின் கடைசிச் சொல்லைத் தோட்டக்காரன் இருமுறை படித்திருப்பான். பெரிய வெங்காயம் தம்புள்ளைப் பக்கத்துப் பயிர். குடாநாட்டுச் செம்மண் தோட்டங்களுக்குப் பெயர் தேடித் தந்ததோ சின்ன வெங்காயம். அறுவடையிற் பிடி பிடியாகக் கட்டி வீட்டு வளையில் தொங்கவிட்டு, அடுத்த போகத்துக்கு அதையே விதையாக நடுவர். மார்கழி மழையில் அது அழுகினால் விளைவும் போயிற்று, விதையும் போயிற்று. அந்த வெங்காயத்தின் பெயர் ஆறில் ஒன்றாக எழுதப்படவில்லை.